முதலில் நூலா, பிரஷ்ஷா? பல் துலக்கும் வரிசை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் பல் சுத்தம் பற்றி வழக்கமாக எழும் ஐயங்களுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கடைக்காரர்கள் ஃப்ளாஸ் என்று சொல்லும் பல் இடுக்கு நூலை இந்தப் பக்கம் முழுவதும் நூல் என்றே குறிப்பிடுகிறேன்.

பிரஷ் செய்வதற்கு முன்பு நூல் விட வேண்டுமா, பின்பு விட வேண்டுமா?

முன்பு விடுவதே நல்லது. பல் இடுக்குகளில் நூல் விட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்து, அதற்குப் பிறகு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் துலக்கி, நுரையைத் துப்பியதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இடுக்கில் ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கையும், கிருமிகள் கட்டிய மெல்லிய படலத்தையும் நூல் கிளறி வெளியே கொண்டுவருகிறது. கிளறியது வாயிலிருந்து போகத் தண்ணீர் வேண்டும். முதலில் பிரஷ் செய்துவிட்டுப் பிறகு நூல் விடுபவர் எப்படியும் மறுபடி கொப்பளிப்பார். அப்போது பேஸ்ட் பல்லின் மேல் விட்டுச்சென்ற ஃப்ளோரைடின் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். நூலை முதலில் விட்டால் இடுக்குகள் திறந்திருக்கும், ஃப்ளோரைடும் அங்கே எளிதாகச் செல்லும், பிறகு அதைக் கழுவிவிட வேண்டிய வேலையும் இருக்காது. தண்ணீர் கேட்கிற வேலைகளையெல்லாம் முதலில் முடித்துவிட்டு, பேஸ்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் சிறியது. ஈரானின் மஷ்ஹத் நகரில் பல் மருத்துவ மாணவர்கள் 25 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அதே ஆட்களே ஒரு கட்டத்தில் பிரஷ்ஷுக்குப் பின் நூலும், இன்னொரு கட்டத்தில் நூலுக்குப் பின் பிரஷ்ஷும் பயன்படுத்தினார்கள். நூலை முதலில் விட்டபோது இடுக்குகளில் படலம் கூடுதலாகக் குறைந்தது; இடுக்கில் தங்கிய ஃப்ளோரைடும் கூடுதலாக இருந்தது. 25 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுதிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவு, மேலே சொன்ன காரணத்தோடு பொருந்துகிறது. வரிசையை மாற்றுவதால் செலவோ தீங்கோ ஏதும் இல்லை என்பதால், அதைப் பின்பற்றலாம் என்றே நான் சொல்வேன்.

பல ஆண்டுகளாகப் பிரஷ்ஷுக்குப் பிறகுதான் நூல் விடுகிறேன். மாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஒழுங்காகச் செய்தால் எந்த வரிசையும் ஏற்புடையதே என்பதுதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. நாள் தவறாமல் பின்னால் நூல் விடுபவர், முன்னால் விட நினைத்து வாரத்தில் பாதி நாள் மறந்துவிடுபவரைவிடப் பல மடங்கு மேல். ஆனால் பிரஷ் முடித்ததும் அலுப்பில் நூலைத் தொடாமலே படுக்கப் போய்விடுபவராக இருந்தால், முன்னால் கொண்டுவந்து பாருங்கள். நூல் விட்டவர் பிரஷ் செய்யாமல் படுப்பதில்லை. பிரஷ் செய்தவர் நூலை மறப்பது அன்றாடம் நடக்கிறது.

இரண்டு வேளை நன்றாகத் துலக்குகிறேன். நூல் எதற்கு?

ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஐந்து முகங்கள்: கன்னத்தைப் பார்த்த பக்கம், நாக்கைப் பார்த்த பக்கம், மெல்லுகிற மேற்பரப்பு, முன்பின் பற்களோடு உரசி நிற்கும் இரண்டு பக்கங்கள். பிரஷ்ஷின் நார்கள் முதல் மூன்றை எட்டும். கடைசி இரண்டை எட்டாது. இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கும் சொத்தை, கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. வலி எடுத்து, எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் பலருக்கு அது தெரியவருகிறது. ஈறு நோயும் பெரும்பாலும் இந்த இடுக்குகளில்தான் தொடங்குகிறது.

அந்த இடுக்கில் ஏதாவது மாட்டிக்கொண்டால் நம் பக்கத்தில் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பொங்கல் கரும்பின் சக்கை, மாம்பழ நார், முருங்கைக்காய் நார், மீன் முள் என்று எது சிக்கினாலும் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை ஒடிப்போம். அது இல்லாவிட்டால் ஊக்கைக் கழற்றுவோம். ஈர்க்குச்சியும் ஊக்கும் சிக்கிய நாரை எடுக்கலாம், ஆனால் பல்லின் பக்கவாட்டில் ஒட்டிய படலத்தை எடுக்காது. ஈறைக் குத்திக் கிழிப்பதும், காலப்போக்கில் அதைக் கீழிறங்கச் செய்வதும்தான் மிச்சம். ஊக்கு வேண்டவே வேண்டாம். சட்டையில் இருந்த ஊக்கின் முனையில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

நூலை எப்படி விடுவது? எனக்கு ஈறு வெட்டுப்படுகிறது.

வெட்டுப்படுவது நூலின் குற்றம் அல்ல, அதை இறக்கும் விதத்தின் குற்றம். ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம், அதாவது 45 சென்டிமீட்டர் நூலை எடுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு விரலில் நிறையவும் இன்னொன்றில் ஒரு சுற்று மட்டும் இருக்கட்டும். இடுக்குக்கு இடுக்கு அழுக்கான பகுதியை ஒரு விரலில் சுற்றிக்கொண்டு, மறுவிரலிலிருந்து புது நூலை விடலாம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் இழுத்துப் பிடியுங்கள்.

இறக்கும்போது நேரே கீழே அழுத்தினால்தான் திடுக்கென்று விழுந்து ஈறை அறுக்கும். முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தபடி இறக்க வேண்டும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லின் பக்கவாட்டில் பிறைபோல் வளைத்து அணைத்து, ஈறு விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை கொண்டுபோய், அங்கிருந்து மேல்நோக்கி நான்கைந்து முறை வழிக்க வேண்டும். பிறகு அதே இடுக்கில் எதிர்ப் பக்கத்துப் பல்லையும் அதேபோல் அணைத்து வழிக்க வேண்டும். இடுக்கு ஒன்றுதான், ஆனால் வழிக்க வேண்டிய பற்கள் இரண்டு. பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான்: நூலை இறக்கி, டக்கென்று எடுத்துவிட்டு அடுத்த இடுக்குக்குப் போய்விடுகிறார்கள், சிக்கிய துணுக்கு வந்துவிடுகிறது, படலம் அப்படியே இருக்கிறது.

கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. அங்கே வழித்த நூலை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வாய் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்ற ஐயம் பலருக்கு அந்த நொடியிலேயே தீர்ந்துவிடும்.

நூல் விட்டால் இரத்தம் வருகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. படலம் நாள்பட இருந்ததால் வீங்கிய ஈறுதான் தொட்டவுடன் இரத்தம் கசியும். தினமும் மென்மையாக விட்டுவந்தால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரங்களில் நின்றுவிடும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டாலும், பல் ஆடினாலும், ஈறில் சீழ் வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் மருந்துக் கடையில் நூல் கிடைப்பதில்லை. தையல் நூலோ, பூக்கட்டும் நூலோ பயன்படுத்தலாமா?

வேண்டாம். பருத்தி நூல் இடுக்கில் பிரிந்து, இழை சிக்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் தையல் நூல் மெல்லியதும் முறுக்கேறியதுமாக இருப்பதால் ஈறை அறுக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் பெரிய மருந்துக் கடைகளில் பல் நூல் கிடைக்கும். ஊருக்குப் போகும்போது ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நெடுநாள் வரும். பற்கள் நெருக்கமாக இருப்பவர்கள் மெழுகு பூசிய நூலைக் கேட்டு வாங்குங்கள், வழுக்கிக்கொண்டு இறங்கும்.

என் பற்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். நூல் போதுமா?

நூல் அங்கே தொளதொளவென்று போய்வரும். நடுத்தர வயதைத் தாண்டி, ஈறு இறங்கியவர்களுக்கு, கம்பியின் மேல் நார் வைத்த சிறிய இடுக்குப் பிரஷ்தான் ஏற்றது. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பிரஷ்ஷோடு நூலோ இடுக்குப் பிரஷ்ஷோ சேர்த்துப் பயன்படுத்தினால் ஈறு வீக்கம் குறையக்கூடும் என்றும், இடுக்குப் பிரஷ் நூலைவிட மேலாக இருக்கக்கூடும் என்றும் அது கூறியது. சான்று வலுவானதல்ல என்பதையும் சேர்த்தே சொன்னது. இடுக்குப் பிரஷ் பல அளவுகளில் வருகிறது. இலேசான பிடிப்போடு உள்ளே போகிற அளவே சரி. திணிக்க வேண்டியிருந்தால் அது பெரியது. விழுந்த பல்லின் இடத்தில், பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு நிலையான பாலப் பல் (பிரிட்ஜ்) கட்டியிருப்பவர்கள் அதன் அடியில் சுத்தம் செய்யும் முறையை, கட்டிய மருத்துவரிடமே கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு செய்துகாட்டச் சொல்ல வேண்டும். எந்தக் கருவியானாலும் வரிசை அதேதான்: இடுக்கு முதலில், பேஸ்ட் பிறகு.

துலக்கிய பிறகு வாய் கொப்பளிக்காமல் எப்படி இருப்பது? அருவருப்பாக இருக்கிறதே.

இந்த உணர்வை நான் மதிக்கிறேன். சாப்பிட்டு எழுந்ததும் வாய் கொப்பளிப்பது நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கூடச் சொல்லிக்கொடுக்கும் நல்ல பழக்கம். அதைக் கைவிடச் சொல்லவில்லை. துலக்கி முடித்தபின் இரண்டு சொம்புத் தண்ணீரால் வாயைக் கழுவுவதைத்தான் விடச் சொல்கிறேன். பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு, கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால் கரைந்த எனாமலில், அதாவது பல்லின் கடினமான மேலுறையில், தாது மீண்டும் படிய உதவுகிறது. அதற்கு அது பல்லின் மேல் சிறிது நேரம் தங்க வேண்டும். பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையும் துப்புங்கள், கழுவாதீர்கள் என்றே அறிவுறுத்துகிறது.

எச்சிலை இரண்டு மூன்று முறை நன்றாகத் துப்பிவிட்டால் நுரை வாயில் நிற்காது. பேஸ்ட்டை விளம்பரத்தில் காட்டுவது போலப் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காமல், பட்டாணி அளவு வைத்தால் கழுவ வேண்டும் என்ற எண்ணமே எழாது. முதலில் முடியவே முடியாது என்பவர்கள் ஒரு சிறு வாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழகப் பழக அதுவும் தேவைப்படாது.

நூல் விடுவது காலையிலா, இரவிலா? ஒருவேளை போதுமா?

ஒருவேளை போதும், அது இரவாக இருக்கட்டும். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. பகலில் அமிலத்தைக் கழுவியும் சமன்செய்தும் பல்லைக் காக்கிற உமிழ்நீர் இரவில் அந்த வேலையைச் செய்வதில்லை. இடுக்கில் தங்கிய சோறும் சர்க்கரையும் விடிய விடியக் கிருமிகளுக்குத் தீனியாகின்றன.

எங்கள் பகுதியில் காலையில் பல் துலக்காமல் காபியைத் தொடுவதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வதில்லை, அவ்வளவு கண்டிப்பு. இரவில் துலக்கும் பழக்கம் மட்டும் பாதி வீடுகளில் இல்லை. சாப்பாடு முடிந்து, ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டு, அப்படியே படுத்துவிடுகிறோம். காலையில் காட்டும் கண்டிப்பில் பாதியை இரவுக்கு மாற்றினால் சொத்தைகள் பெருமளவு குறையும் என்பது என் உறுதியான கருத்து. பாலைக் குடித்த பிறகு நூல், கொப்பளிப்பு, பிரஷ். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக் கூடாது.

காலையில் காபிக்கு முன்பு துலக்குவது சரியானதே. சாப்பாட்டுக்குப் பின்புதான் துலக்குவேன் என்பவர்கள், குறிப்பாக எலுமிச்சை, புளி, ஆரஞ்சு போன்றவை சேர்ந்திருந்தால், அரை மணி நேரமாவது கழித்துத் துலக்க வேண்டும். அமிலம் பட்டு இளகிய எனாமலை உடனே தேய்த்தால் தேய்மானம் கூடும். திருவையாற்று அசோகா போல் பல்லில் ஒட்டிக்கொள்ளும் இனிப்பைச் சாப்பிட நேர்ந்தால், உடனே தண்ணீரால் கொப்பளித்துவிடுங்கள். பிரஷ் அதன் நேரத்தில் வரட்டும்.

உமிக்கரி, வேப்பங்குச்சி எல்லாம் விட்டுவிட வேண்டியதுதானா? எங்கள் பாட்டி அதில்தான் துலக்கினார், கடைசிவரை பல் விழவில்லை.

பாட்டியின் பல் கெட்டுப்போகாததற்கு உமிக்கரியைவிட, அவர் இன்று நாம் தின்னும் அளவுக்குச் சர்க்கரையும் பிஸ்கெட்டும் தின்னாததே பெரிய காரணமாக இருந்திருக்கும். நெல் உமியில் சிலிக்கா மிகுதி. உமியைச் சுட்டுப் பொடித்த கரியில் அது கடினமான துகள்களாகக் கிடக்கும். கறையை அது நீக்கும் என்பது உண்மைதான்; ஆனால் நாள்தோறும் தேய்த்தால் எனாமலையும் சேர்த்தே எடுத்துவிடும், எனாமல் மறுபடி வளராது. செங்கல் தூளுக்கும் சாம்பலுக்கும் இதே விடைதான்.

வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் வேறு. நுனியை மென்று நாராக்கி மெதுவாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லிவைத்ததைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் குச்சி இடுக்குக்குள் போகாது, அதில் பேஸ்ட்டில் இருக்கும் அளவு ஃப்ளோரைடும் இல்லை. காலையில் குச்சியில் விருப்பம் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நூலும் பேஸ்ட்டும் இருக்க வேண்டும்.

எண்ணெய் கொப்பளித்தல், நாக்கு வழித்தல், மவுத்வாஷ் ஆகியவற்றை எங்கே வைப்பது?

நல்லெண்ணெய் கொப்பளிப்பவர்கள் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். அது நூலுக்கோ பிரஷ்ஷுக்கோ மாற்றாகாது. நாக்கையும் முதலில் வழித்துவிடுங்கள், ஏனெனில் வழித்தபின் கட்டாயம் கொப்பளிப்போம்.

மவுத்வாஷ் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஃப்ளோரைடு உள்ள மவுத்வாஷில் இருப்பது பேஸ்ட்டில் இருப்பதைவிடக் குறைந்த ஃப்ளோரைடு. துலக்கியவுடன் அதனால் கொப்பளித்தால் கூடுதலாக இருப்பதைக் கழுவிக் குறைவானதை வைக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பயன்படுத்தலாம். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்துக்கும் பேஸ்ட்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதை அவர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடரக் கூடாது, பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை சீவல் போடுவேன். அதற்குப் பிறகு துலக்கினால் சரியாகிவிடுமா?

சரியாகாது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பகோணத்து வெற்றிலையின் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. தீங்கு பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கைப் புகையிலை இல்லாமலே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வெளியான தொகுப்பில் வகைப்படுத்தியது. நாள்பட்ட பாக்குப் பழக்கம் வாயின் உட்சதையை இறுகச் செய்து, வாய் திறப்பதையே குறைத்துவிடும். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் வாய் எரிந்தாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, நாள் கடத்தாமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு எந்த வயதில் நூல் விடுவது?

இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொட்டவுடன் தொடங்கலாம். ஏழெட்டு வயது வரை பெரியவர்தான் நூல் விட்டுத்தர வேண்டும். குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடி வைத்த நூலைப் பயன்படுத்தினால் எளிது. பேஸ்ட், மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதற்குமேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. பாற்பல் எப்படியும் விழப்போகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை நிற்கும், அவை சொத்தையாகி முன்கூட்டியே விழுந்தால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும்.

கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

கர்ப்பக் காலத்தில் ஈறு எளிதாக வீங்கி இரத்தம் கசியும்; அதற்காக நூல் விடுவதை நிறுத்தக் கூடாது. காலை மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் பிரஷ்ஷைத் தொடாமல், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் முற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதால், சர்க்கரை மாத்திரை எடுக்கும் ஒவ்வொருவரும் ஈறையும் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரை படிந்துவிட்டது. நூல் விட்டால் போகுமா? மருத்துவர் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

படலம் மென்மையாக இருக்கும்வரைதான் நூலுக்கும் பிரஷ்ஷுக்கும் வசப்படும். உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் அதில் படிந்து, இரண்டு மூன்று நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். இறுகிய பிறகு, மருத்துவர் கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் முறையில்தான் எடுக்க முடியும். ஊக்கால் சுரண்ட வேண்டாம்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற அச்சம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காரைக்கு அடியில் ஈறும் எலும்பும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அந்தத் தேய்வைக் காரை மறைத்து, பற்களை ஒன்றோடொன்று பிடித்தும் வைத்திருக்கும். அதை எடுத்தவுடன் உண்மை நிலை தெரிகிறது. சில நாட்கள் கூச்சமும் இருக்கும். எடுக்காமல் விட்டால் எலும்பு மேலும் கரைந்து, நல்ல பல்லே கையோடு வந்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஸ்கேலிங் முடிந்த அன்று இரவே மென்மையான பிரஷ்ஷால் துலக்கலாம். நூலை எந்த நாளிலிருந்து விடலாம் என்பதை, உங்கள் ஈறைப் பார்த்த மருத்துவரிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள்.